புட்டுக்குழலில் பூட்டிய தொலைநோக்கி

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட பத்தாண்டு உத்தரவாதத்தை உள்ளிருக்கும் தாளின் பொடி எழுத்து பறித்துக்கொண்டால், வாடிக்கையாளருக்கு அதை மறுத்து அனுப்பும் கடிதத்தில் கையெழுத்திடுபவரும் குற்றவாளிதானா? இக்கேள்வியை என் தலையில் கட்டியவர், எந்தப் பொருளையும் நேராக வைத்துப் பார்த்தறியாத, உத்தரவாதத்தைக் 'கரன்ரி' என்று சொல்லிச் சொல்லியே அதைப் பட்டப்பெயராக வாங்கிக்கொண்ட கரன்ரி அண்ணை.

எதையும் புரட்டி, எங்கே செய்தது என்று வாசித்த பின்புதான் தொடுவார். கலியாண வீடொன்றில் சோற்றுத் தட்டைச் சோற்றோடு புரட்டப்போனதை எங்கள் ஜெர்மன் நகரமான பீலெஃபெல்ட் தமிழர் இன்னும் மறக்கவில்லை. மாப்பிள்ளை பேச வந்தவர்களிடமும் அதே விசாரணை: "செய்தது யாழ்ப்பாணம், பூட்டினது கெல்சென்கிர்ச்சன். சரி, கரன்ரி ஆர் குடுக்கிறது?"

வேட்டைப்பொருள் கடையொன்றில் புகார்களைக் கவனிக்கும் முறைப்பாட்டுப் பிரிவு அவருடையது. படிக்கும் காலத்தில் வாரம் இரண்டு நாள் அவருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தேன். துவக்கில், அதாவது வேட்டைத் துப்பாக்கியில், குறிபார்க்கப் பூட்டும் தொலைநோக்கி பழுதாகி வந்தால் ஒவ்வொன்றுக்கும் சாதகம் சொல்வார்.

"பேர் ஜெர்மன் பேர், பிள்ளை. கண்ணாடி ஜப்பான். பூட்டினது சீனா. பழுதானால் ஆர் திருத்துறதெண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாது."

துவக்கை மட்டும் அவர் தொடமாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டுக்குழலை மேசையில் இறுக்கி, அதன்மேல் தொலைநோக்கியைப் பூட்டி, தெருக்கோடிப் பேருந்து நிறுத்தப் பலகையிலுள்ள 'H' எழுத்தின் நடுக்கோட்டில் குறியை நிறுத்துவார். பிறகு, வெடியின் உதைப்புக்குப் பதிலாக, ரப்பர்ச் சுத்தியலால் இருபது தட்டு. இடையில் யாராவது தெருவில் குறுக்கே வந்தால் உள்ளங்கையால் கண்ணாடியை மூடிவிடுவார். அதையும் அவருடைய கிறுக்குகளில் ஒன்றாகவே எண்ணியிருந்தேன்.

ஒருநாள் வயதான வேட்டைக்காரர் ஒருவர் தம் தொலைநோக்கியைக் கொண்டுவந்தார். குறி விலகிப்போனதால் காயம்பட்ட மானை இரண்டு நாள் காடெல்லாம் தேடினாராம். தயாரிப்பாளரின் பதில் வந்தது: அதிர்ச்சியால் ஏற்பட்ட பழுது, உத்தரவாதம் செல்லாது.

"துவக்கில பூட்டுறதுக்கெண்டு விக்கிறாங்கள், அதிர்ந்தால் கரன்ரி இல்லையாம்! குடையை வித்துப்போட்டு, நனைஞ்சால் நாங்கள் பொறுப்பில்லை எண்டமாதிரி!"

வேட்டைக்காரருக்கு அனுப்பவேண்டிய மறுப்புக் கடிதத்தில் கையெழுத்திட அண்ணை மறுத்தார். அந்தத் தயாரிப்புத்தான் கடையில் அதிகம் விற்பது. "உங்கள் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, நினைவிருக்கட்டும்" என்றார் ஜெர்மன் முதலாளி.

நான் பின்விளைவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். "அண்ணை, போட்டுவிடுங்கோவன். வீட்டில மூண்டு பேர் படிக்கினமெல்லோ?"

"ஏலாது பிள்ளை. என்ர கையெழுத்துக்கும் ஒரு கரன்ரி இருக்கு."

அதே தயாரிப்பில் புதிய பெட்டியொன்றைப் பிரித்தார். குழலில் பூட்டினார். இருபது தட்டு. முதலாளியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். முதலாளி குனிந்தார். குறி 'H' எழுத்தை விட்டு விலகி, பக்கத்து மரக்கிளையில் நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் இருண்டது. அண்ணையின் உள்ளங்கை. வெளியே ஒரு தாய் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏன் மறைத்தீர்கள்?"

"இதற்குள்ளால் மனிதரைப் பார்க்கக்கூடாது, ஐயா. ஊரில், போர்க்காலத்தில், நான் ஒருமுறை இதன் மறுபக்கத்தில் நின்றிருக்கிறேன்" என்றார் அண்ணை, தம் நிதானமான ஜெர்மனில்.

முதலாளி நிமிர்ந்தார். கடிதத்தை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது பிறகு கையெழுத்துக்கு வரவே இல்லை.

வேட்டைக்காரருக்கு வேறு தொலைநோக்கி கிடைத்தது. அண்ணையின் ஒப்பந்தம் நீடித்தது. கடையின் ஒவ்வொரு பெட்டியிலும், எங்கே செய்தது, யார் திருத்துவார், எதற்கு உத்தரவாதமில்லை என்று நான் எழுதிய அட்டை தொங்கியது.

இப்போது வேறோர் அலுவலகத்தில் இருக்கிறேன். கையெழுத்துக்கு வரும் எந்தத் தாளையும் முதலில் புரட்டிப் பார்க்கிறேன். இங்கே எனக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நான் அதை மறுப்பதில்லை.