இளம்பரிதி மாமாவின் கார்க் கண்ணாடி மேலே ஏறிய விவரம்

கீழவாசக்குடி,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த இளம்பரிதி மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் பூவிழி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், மாடு, கன்று, உங்கள் கார் எல்லாரும் சுகம். சிங்கப்பூரில் உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். காரையும் சேர்த்துச் சுகம் என்று எழுத முடிகிற நாள் வரட்டும் என்றுதான் ஒரு வாரமாக இந்தக் கடிதத்தைத் தொடங்காமல் இருந்தேன். அந்த நாள் நேற்று வந்தது.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது நீங்கள், "என்ன மச்சான், வண்டியத் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். "தூசி படாம இருக்கட்டும்னுதான்" என்றார் அப்பா. அன்று காலையிலிருந்து இங்கே மழை. மழையில் ஏது தூசி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால், "வச்சுப் பாத்துக்கச் சிரமமா இருந்தாச் சொல்லுங்க, அதிராம்பட்டினத்துல என் கூட்டாளி ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துடலாம்" என்றீர்கள். அன்று அப்பா இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். கார் போய்விட்டால் எனக்குச் சனிக்கிழமை தஞ்சாவூர் நூலகம் இல்லை. நம் ஊருக்கு வரும் பஸ்ஸின் நேரத்துக்குப் பார்த்தால் நான் நூலகத்தில் நுழைந்ததும் திரும்ப வேண்டியிருக்கும். அம்மாவுக்கு "எந்தம்பி வண்டி" என்று சொல்ல ஒரு வண்டி இருக்காது. அப்பா தன் நஷ்டத்தைச் சொல்லவில்லை. ஆனால் வயலுக்குப் போகுமுன் தினமும் அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். ஆகையால் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு, எங்களிடம் கார் பத்திரமாக இருக்கிறதா இல்லையா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

முதலில், நாங்கள் காரை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதற்கு ஆயுத பூஜையே சாட்சி. அன்று அப்பா அதை இரண்டு முறை கழுவினார். அம்மா வாழைக்கன்று கட்டினார். பொட்டு வைக்கும் பொறுப்பு என்னுடையது. மற்ற வீடுகளில் முன்பக்கம் ஒன்று, ஸ்டீரிங்கில் ஒன்று என்று முடித்துவிடுவார்கள். உழைக்கிற உறுப்பு ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்று நான் சந்தனத்தைப் பன்னீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, நாலு சக்கரம், கண்ணாடி துடைக்கும் கைகள், கியர், ஹாரன், கதவில் இருக்கும் சுவிட்சுகள் எல்லாவற்றுக்கும் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு பொட்டு. இந்த வட்டாரத்தில் வேறு எந்தக் காருக்கும் இவ்வளவு இருந்திருக்காது.

அதற்கு மூன்றாம் நாள் சனிக்கிழமை. நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் நெல் கொள்முதல் நிலையத்தின் முன் லாரிகள் சாலையை அடைத்து நின்றன. ஒரு டிரைவரிடம் வழி கேட்க அப்பா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். இறங்கிய கண்ணாடி ஏறவில்லை. சுவிட்சை அமுக்கினால் சத்தம்கூட வரவில்லை. ஒரத்தநாடு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அப்பா வலது தோள் முழுக்க நனைந்து வீடு வந்து சேர்ந்தார். நான் மடியிலிருந்த ஐந்து புத்தகங்களையும் இடது கதவோடு ஒட்டிப் பிடித்துக் காப்பாற்றினேன்.

அடுத்த பிரச்சினை தார்ப்பாய். எங்களிடம் ஓட்டையில்லாத தார்ப்பாய் ஒன்றுதான். குறுவை நெல் அறுத்துக் களத்தில் குவித்து, கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வரக் காத்திருந்தோம். அப்பா நெல்லின் மேலிருந்த தார்ப்பாயை உருவிக் காருக்குப் போட்டார். நெல்லுக்கு ஓட்டைத் தார்ப்பாயும் உரச் சாக்குகளும் கிடைத்தன.

"ஏங்க, நெல்லு நனைஞ்சா ஈரப்பதம்னு சொல்லித் திருப்பி அனுப்புவான். காரு நனைஞ்சா யாரு திருப்பி அனுப்பப் போறா?" என்றார் அம்மா.

"உந்தம்பி அனுப்புவான்" என்றார் அப்பா.

அம்மா வாரம் முழுக்க மழை தூறும்போதெல்லாம் களத்துக்கு ஓடிச் சாக்குகளை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

நம் ஊரில் பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் மதிவாணன் சித்தப்பா வந்து பார்த்தார். "அண்ணே, பேசாம பட்டுக்கோட்டைக்குக் கொண்டு போயி மெக்கானிக்கிட்ட விடுங்க" என்றார். ஆனால் நீங்கள் விமானம் ஏறும் அன்று, "கண்ட மெக்கானிக் கையிலயும் வண்டியக் குடுத்துடாதீங்க" என்று சொல்லியிருந்தீர்கள். அப்பா அதை மறக்கவில்லை. "முந்நூறு அடி போர்ல கெடக்குற மோட்டாரயே தூக்கி மாட்டுனவன் நானு. இது ஒரு அடி ஆழம்" என்றார். கதவுக்குள் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் மோட்டாரும் இரும்புக் கைகளும் சேர்ந்த அமைப்பைக் கடைக்காரர்கள் கண்ணாடி மெஷின் என்கிறார்கள். அது போய்விட்டது என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் புதிது வாங்கி வந்தார்.

நேற்று காலை வேலை தொடங்கியது. அப்பா ஒரு வீடியோவை ஏழு முறை பார்த்துவிட்டு, எட்டாவது முறைக்குப் போனை என்னிடம் கொடுத்து, "நீ படிச்சுச் சொல்ற மாரி வரிசையாச் சொல்லு" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் கைப்பிடித் திருகுகளைக் கழற்றி, சுவிட்சுப் பட்டையைப் பிரித்து, கதவின் உள்பக்க அட்டையை இழுத்தார். அட்டையைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் ஊசிகள் பதினொன்றில் ஏழு முழுசாக வந்தன. நாலு கோழிக் கூண்டுப் பக்கம் தெறித்தன. ஒன்றைக் கோழி விழுங்கிவிட்டது என்று அம்மா சொல்கிறார், நான் நேரில் பார்க்கவில்லை. பிறகு கண்ணாடியை மெஷினிலிருந்து பிரித்து, கையால் மேலே தூக்கி, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"விட்றாத பூவு. உள்ள விழுந்துச்சுன்னா அவ்ளோதான், உங்க மாமன் கார அதிராம்பட்டினத்துலதான் பாக்கணும்."

நான் விடவில்லை. அடுத்த போல்ட்டுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும், அது வயல் மோட்டார் கொட்டகையில் இருக்கிறது என்று அப்பா போனார். போன இடத்தில் மடை உடைந்து நாற்றங்காலுக்குள் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்ததாம். அதை அடைத்துவிட்டு முழங்கால் வரை சேறோடு திரும்பியபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதுவரை இரண்டு கைகளாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்து இட்லி ஊட்டிவிட்டார். நூலகப் புத்தகத்தைக் கார் கூரைமேல் விரித்து வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பக்கம் திருப்பினார். "இந்த மனுசன் மடைய அடைக்கப் போனாரா, ஸ்பேனர் எடுக்கப் போனாரா?" என்று பக்கத்துக்கு ஒரு முறை கேட்டார். ஆறு இட்லியில் ஓர் அத்தியாயம் முடிந்தது.

அப்பா வந்து கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்த பிறகு எனக்குக் கை கிடைத்தது. கழற்றியதையெல்லாம் துடைத்து வை என்றார். எல்லாவற்றையும் பழைய துணியால் துடைத்தேன். சுவிட்சு இடுக்குகளில் துணி நுழையவில்லை, ஆகவே என் பழைய டூத் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து வெயிலில் உலர்த்தினேன். அதற்குள் அப்பா பழைய மெஷினை எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டினார். எல்லாம் மாட்டிய பிறகு மூன்று திருகுகள் மிஞ்சின. அவற்றை ஓர் உறையில் போட்டு, மேலே "இடம் தெரியாதவை" என்று எழுதி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு அப்பா சுவிட்சைத் தூக்கினார். கண்ணாடி ஏறியது, மாமா! மேலே போய் ரப்பருக்குள் பொருந்தி நின்றது. அம்மா உடனே தார்ப்பாயை எடுத்துக்கொண்டு நெல்லுக்குப் போய்விட்டார். அப்பா கண்ணாடியைப் பதினாறு முறை ஏற்றி இறக்கினார். மதிவாணன் சித்தப்பா தானே ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, தொழில மாத்திட்டீங்களா?" என்றார். அப்பா அந்த ஒரு வரியைச் சாயங்காலத்துக்குள் டீக்கடையில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டார். ராத்திரி ஐந்து தோசை சாப்பிட்டார்.

ஆகவே மாமா, பழுது வந்தாலும் தன் கையாலேயே சரிசெய்யக்கூடிய ஒருவரிடம் உங்கள் கார் இருக்கிறது. அதிராம்பட்டினத்துக்காரருக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பாரா என்று யோசியுங்கள். காரை விற்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று அம்மா சொல்லச் சொன்னார். அப்பா காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். என் வணக்கமும், மாடு கன்றின் சார்பில் அன்பும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்,
சா. பூவிழி,
ஒன்பதாம் வகுப்பு.

பின்குறிப்பு (திங்கள் காலை): மேலே எழுதியதில் சம்பவங்கள் எல்லாம் உண்மை. காரணம் மட்டும் தவறு. ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று எங்கள் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. சனிக்கிழமை நாங்கள் இரண்டை மாற்றினோம்: அப்பா மெஷினை மாற்றினார், நான் சுவிட்சைக் கழுவினேன். இது நேற்று கடிதத்தை உறையில் போட்ட பிறகுதான் உறைத்தது. உடனே பழைய மெஷினை எடுத்துப் போய், பூச்சிமருந்து அடிக்கும் ஸ்பிரேயரின் பேட்டரியில் வயரை வைத்துப் பார்த்தேன். ஜோராகச் சுற்றியது. பிறகு டூத் பிரஷ்ஷை முகர்ந்து பார்த்தேன். சந்தனம். பால் பதத்தில் உள்ளே இறங்கி இறுகியிருக்கிறது. மெஷினை வைக்கோலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இன்று காலை பின்பக்க இடது கண்ணாடியும் நின்றுவிட்டது. அப்பாவுக்குத் துளி வருத்தமில்லை. "இதுக்கும் மெஷின் போச்சு!" என்று பாட்டுப் பாடாத குறையாகச் சொல்லி, அந்தக் கதவையும் பிரித்துப் போட்டுவிட்டு, நான் பல் தேய்த்து வருவதற்குள் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். கூட மதிவாணன் சித்தப்பாவையும் அழைத்துப் போயிருக்கிறார், பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. சித்தப்பா பக்கத்தில் இருக்கும்போது நான் போனில் எப்படிச் சொல்வேன்? தபால் போய்ச் சேர நாளாகும். அதனால் இந்தக் கடிதத்தை அம்மாவின் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புகிறேன். கடை பத்து மணிக்குத் திறக்கும். அதற்குள் அப்பாவைக் கூப்பிட்டு, "மச்சான், இந்தத் தடவை முதல்ல சுவிட்சத் துடைச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். சந்தனத்தைப் பற்றி நானே சாயங்காலம் அவரிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காரை விற்பதாகவே இருந்தால், மீதி இரண்டு கதவுகளுக்கும் நான் பொட்டு வைத்திருப்பதை வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் டிரைவர் பக்கத்துக் கதவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க வேண்டாம், மாமா. அது அப்பா சரிசெய்த கதவு.