ஏழாம் நம்பர் மட்டையும் சின்னசேலம் மறியலும்

பிள்ளைகளா, இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உங்கள் அப்பாவைப் போலீஸ் பிடித்துப்போனதாகப் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொள்கிறீர்களாம். பிடித்துப்போனது நிஜம். ஆனால் அது போராட்டத்துக்காக அல்ல, ஒரு கோல்ஃப் பந்துக்காக. இனிமேலாவது வாயை மூடிக்கொள்ளுங்கள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு பண்ணை. அதில் நான் தற்காலிக எழுத்தர். மேலாளர் சென்னைக்காரர், கோல்ஃப் பைத்தியம். கரும்பு விளைந்த நிலத்தில் புல் வளர்த்து, ஒட்டக் கத்தரித்து, தன்னந்தனியாகப் பந்தடிப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஜோடியா ஆட ஆளில்லப்பா. ஒரே ஒரு பந்தை ஒழுங்கா அடிச்சுக் காட்டு, உன்னை நிரந்தரமாக்கிடறேன்" என்றார்.

இரும்புத்தலை வைத்த ஏழாம் நம்பர் மட்டையைக் கையில் கொடுத்தார். புல்தரையில் கிடக்கும் பந்தை அதைக்கொண்டு அடிக்க ஒரே சூட்சுமம்தான். மட்டை முதலில் பந்தில் படவேண்டும், பிறகுதான் மண்ணில். நானோ மண்வெட்டி பிடித்து வளர்ந்தவன். என் கை நேராக மண்ணுக்குத்தான் போகும். மூன்று மாதம் அடித்ததில் அந்த இடம் மல்லாட்டைக் கடலை விதைக்கத் தயாராகிவிட்டது. ("பந்து லேசா நகருது சார்" என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன்.)

அந்தச் சமயத்தில்தான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. வேலையாகப் போன மேலாளர் சேலத்தில் மாட்டிக்கொண்டார். பழுது பார்க்கப் போன அவருடைய மட்டைகள் ரயிலில் சின்னசேலம் வந்து கிடந்தன. நல்ல பேர் வாங்கும் வெறியில் ஸ்டேஷனுக்குப் போய் அந்த மட்டைப் பையை எடுத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு பண்ணைக்குக் கிளம்பினேன். வழியில் ஒரு புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டு ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"யோவ், நில்லு. பையில இன்னா?"

"மட்டைங்க."

முன்னால் நின்ற வெள்ளைவேட்டிக்காரர் ஒன்றை உருவினார். "இரும்பு! எவன் மண்டைய ஒடைக்க எடுத்துக்கினு போற?"

"வெளையாட்டு சாமானுங்க. எங்க ஆபீசருது."

"உன்ன மாதிரி பசங்களுக்கு வேலை வேணும்னு நாங்க நடுரோட்ல குந்திக்கினு கீறோம். நீ ஆபீசரு குச்சிய சொமந்துக்கினு போற! வெளையாட்டுன்னா அடிச்சுக் காட்டு. இல்லாட்டி பை இங்கியே கெடக்கட்டும்."

பை போனால் வேலையும் போச்சு. பையில் கிடந்த ஒரு பந்தை எடுத்துப் பக்கத்தில் நெல் அறுத்த வயலில் வைத்தேன். காலை அகட்டினேன். மேலாளர் சொல்லும் இங்கிலீஷை இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு (அதற்காவது மரியாதை வரும் என்று) வீசினேன். ஒரு சட்டி மண் பெயர்ந்து வெள்ளைவேட்டியில் போய் விழுந்தது.

"பந்து அங்கியே கீது" என்றது ஒரு குரல்.

இரண்டாம் அடிக்குப் பத்துப்பேர் அதைச் சொன்னார்கள். மூன்றாம் அடிக்குப் போராட்டமே நின்றுபோய் ஐம்பது பேரும் கோஷம் போட்டார்கள். நான்காம் அடிக்கு முன்னால் வேட்டிக்காரர் எட்டி நின்றுகொண்டார்.

காசி என்று ஒரு கரும்பு வெட்டுகிற ஆள் எழுந்து வந்தார். "குடு வாத்தியாரே. கரும்ப அடியோட வெட்டறப்ப கத்தி மொதல்ல மண்ணுல பட்டா கூரு பூடாதா? மொதல்ல கரும்பு, அப்பறம்தான் மண்ணு."

ஒரே வீச்சு. 'டிக்' என்று ஒரு சத்தம். பந்து புளியமரத்தைத் தாண்டிப் பறந்து, அப்போதுதான் வந்து நின்ற போலீஸ் ஜீப்பின் முன்கண்ணாடியை நொறுக்கியது.

ஜீப்பிலிருந்து இறங்கியது இன்ஸ்பெக்டர். கூடவே, பாதுகாப்போடு சேலத்திலிருந்து வந்த எங்கள் மேலாளர்! கண்ணாடி உடைந்ததை அவர் பார்க்கவேயில்லை.

"என்னா அடி! யாருப்பா அடிச்சது?"

காசி மெல்ல மட்டையை என் பக்கம் சாய்த்தார். 'நிரந்தரம்' என்ற ஒரு வார்த்தைதான் என் காதில் ஒலித்தது.

"நான்தான் சார்."

"அப்படியா? ஏறு ஜீப்புல" என்றார் இன்ஸ்பெக்டர்.

பின்னாலிருந்து காசியின் குரல் கேட்டது: "அவரா கேட்டு வாங்கிக்கினாரு. போவட்டும் வுடுங்க."

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். போலீஸில் மாட்டியவனை எப்படி நிரந்தரமாக்குவது என்று யோசித்த மேலாளர், தற்காலிகத்திலிருந்தும் என்னை நீக்கிவிட்டார். நான் எந்தக் காரியத்தைக் கெடுத்தாலும் உங்கள் அம்மா "பந்து அங்கியே கீது" என்கிறாளே, அதன் கதை இதுதான்.

ஒன்றை மட்டும் அவளிடம்கூடச் சொன்னதில்லை. வேலை போன மறுநாள் காலையில் அந்த வயலுக்குத் தனியாகப் போனேன். நான் தோண்டிய நான்கு குழிகளும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. காசி அடித்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்தான் இருந்தது. குழிகளைக் காலால் மண் தள்ளி மூடி, மிதித்துச் சமப்படுத்தினேன். கீறலை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.