ஃபிரிட்ஜில் நின்ற கார்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே இருவரும் நலம். உங்கள் மாமியார் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம். நீங்களும் எங்கள் மகளும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் யார் எதைச் சொன்னாலும் பாதியிலேயே "சரி" என்று சொல்லிவிடுவது என் பழக்கம். அதனால் ஏற்பட்ட சேதாரத்தைக் கீழே காண்பீர்கள்.

முதலில் நல்ல செய்தி. காரை விற்க வேண்டாம் என்று மகள் நேற்று ஒப்புக்கொண்டுவிட்டாள். "ஆனா மேப்பைப் பார்த்து ரொம்ப பயந்தது அவர்தான்ப்பா. அவருக்கு நீங்களே விவரமா எழுதிடுங்க" என்றாள். எழுதுகிறேன்.

வண்டி எங்கே இருக்கிறது என்று உங்கள் போனில் காட்டுவதற்காக நீங்கள் வாங்கிக் கொடுத்த கருவி மிக நல்ல கருவி. குறை என்னுடையதாகவும் இருக்கலாம். அதன் பேட்டரிதான் உப்பிவிட்டது. எங்கள் வாசலில் நிழல் கிடையாது; வண்டி நாள் முழுக்க வெயிலில் வேகிறது. எவ்வளவு சூடு என்று தெரியாமல் வேறு பேட்டரி வாங்கக் கூடாதல்லவா? முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு வெப்பமானியை வைத்தேன். அதில் ஐம்பது வரைதான் போட்டிருந்தது. அதற்குமேல் அதற்கே தெரியவில்லை. வெப்பமானி மிகைப்படுத்துகிறதோ என்ற சந்தேகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நானே உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். எதிர்வீட்டுத் தையல்காரர் கண்ணாடியைத் தட்டி, "என்ன சார், வீட்ல சண்டையா? எங்க வீட்ல வந்து உட்காருங்க" என்றார். இல்லை என்றால் அவர் மனம் வருந்துமே என்று போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அன்று மாலைக்குள் தெருவே எங்களைச் சேர்த்துவைக்க முயன்றது.

கருவியோடு கூடவே வந்த மாற்று பேட்டரியைப் போட்டேன். அதுவும் உப்பிவிடுமோ என்று பயந்து, வெயில் ஏறியதும் கருவியைக் கழற்றி, ஈரம் படாத டப்பாவில் மூடி, ஃபிரிட்ஜில் வைத்தேன். இதில்தான் புத்தி தவறிவிட்டது. "பால் வைக்க இடமில்ல, காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க!" என்றாள் உங்கள் மாமியார். அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்பது மகள் அவளைக் கூப்பிட்டபோதுதான் விளங்கிற்று. "ஏம்மா, ரெண்டு நாளா வண்டி வீட்லயே நிக்குது, உடம்புக்கு முடியலையா?" "வீட்டுலயா? நான் பெட்ரோல் பங்க்ல நிக்கிறேன்டி!"

தான் எங்கே இருக்கிறோம் என்பதே அம்மாவுக்குத் தெரியவில்லை என்று மகள் முடிவுகட்டியது அன்றுதான். எனக்கோ வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து என்னை எங்கும் கொண்டுபோய் விடுவது உங்கள் மாமியார்தான். அவள் கையிலிருந்து சாவியை வாங்குவதும் ஒன்றுதான், வாயைக் கட்டுவதும் ஒன்றுதான். எங்களால் முடிகிற காரியமா?

அடுத்தது அதைவிட மோசம். அளவு சரிபார்க்க வேண்டுமே என்று கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, மார்க்கெட் சந்தில் இருக்கும் பேட்டரிக் கடைக்குப் போனேன். பையில் ஒரு கார் இருக்கிறது என்ற நினைவே இல்லை. உங்கள் மேப்பில் கார் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் நின்று நின்று போய், சைக்கிளே திணறுகிற சந்துக்குள் நுழைந்ததாமே! "அப்பா, அம்மா மார்க்கெட் சந்துக்குள்ள காரை விட்டுட்டாங்க! இனி ஒத்துக்க மாட்டேன், வித்துடலாம்ப்பா!" என்று மகள் போனில் அலறினாள். நான் பழக்கதோஷத்தில், "சரிம்மா" என்றேன்.

கடைக்காரரோ, "இது ராட்சசன் சார், ஒரு மாசம் நிக்கும்" என்று பெரிய பேட்டரியாகவே நீட்டிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் நிற்கும் என்பதல்ல என் கேள்வி, எத்தனை டிகிரி தாங்கும் என்பதுதான். அதைக் கேட்க வாய் திறந்தால் "சரிங்க" என்றுதான் வந்தது. அட்டையைப் படிக்கலாமென்றால் மூக்குக்கண்ணாடியையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். நான் "வெயிலு, வெயிலு" என்று முனகியதைக் கேட்டுப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் பொறுமையிழந்து, "அவருக்கு வெயில் தாங்குறது வேணுமாம். அட்டையில போட்டிருக்கறதப் படிச்சுக் காட்டுங்களேன்!" என்றதும் படித்தார். லித்தியத்திலேயே இரும்பு பாஸ்பேட் என்று ஒரு ரகம். ஓடும்போது அறுபது டிகிரி வரை தாங்கும். உங்கள் கருவிக்கும் பொருந்துகிறது. கொள்ளளவு சற்றுக் குறைவு, பரவாயில்லை, உப்பாது. சூடு குறைவான இடமாகப் பார்த்து இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டேன். சார்ஜ் ஏற்றுவது மட்டும் வீட்டுக்குள், நிழலில்.

ஆகவே மாப்பிள்ளை, சந்துக்குள் போனது நானே தவிர கார் அல்ல. மகளிடம் இதைச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் வண்டியை மீட்டேன். அன்று அது வாசலைவிட்டு அசையவே இல்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியில் புதிதாக ஒரு கீறல் தெரிகிறது. அது பூனையின் வேலை என்று உங்கள் மாமியார் கருதுகிறாள். இனி நிம்மதியாகத் தூங்குவேன். நீங்களும் தூங்குங்கள்.

இருவரும் நோய்நொடியின்றி, உப்பாமல் வற்றாமல் நீண்டகாலம் வாழ வேண்டுகிறேன்.

என்றும் அன்புள்ள,
மாமனார்

- - - - - - - - - -

பி.கு.: இதை உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. அந்த 'அசையவே இல்ல'ன்றத மட்டும் அடிச்சுடுங்க" என்கிறாள். நான் விட்டுவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பதற்காக அன்று காரில் என் பின்னாலேயே வந்தாளாம். மார்க்கெட் சந்துக்குள்தான். பாதியில் காய்கறி வண்டி மறிக்கவே, வந்த வழியே பின்பக்கமாகவே ஓட்டி வெளியே வந்தாளாம். யாரும் கைதட்டவில்லை என்பதுதான் அவளுக்கு வருத்தம். பூனையைப் பற்றிக் கேட்டேன், அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாள். பொய் எழுத எனக்குக் கை வராது. உண்மை தெரிந்தால் மகள் விடமாட்டாள். எனவே இந்தப் பின்குறிப்புக்கு மேலே புள்ளிக்கோடு ஒன்று போட்டிருக்கிறேன். அதன் வழியாகக் கத்தரித்துவிட்டு மேல்பகுதியை மட்டும் மகளிடம் கொடுக்கவும்.