கோட்டாவும் கிரணும்

மகன் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், கட்டிலில் விரித்திருந்த சிவப்புப் பட்டுத்துணியைப் பார்த்தபடி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார் ஜெய்ப்பூர் தையற்காரர் பன்வர்லால். ஓரம் கட்டித் தரச் சொல்லி யாரோ பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போன துணி. இது கல்யாணப் பெண்ணின் முக்காட்டுத் துணி, சம்பந்தி வீட்டார்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் மனைவி குலாப் முடிவு கட்டிவிட்டாள்.

பன்வர்லால் பிகானேரில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போன் செய்து, முக்காட்டுக்கு என்ன ஓரம் வைக்கட்டும் என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டு வரிசையாக்கும் என்று நினைத்த சம்பந்தியம்மா சோஹனி, "கோட்டா வையுங்க" என்றாள்.

கோட்டா என்றால் பட்டையான சரிகை நாடா. வைத்துத் தைத்துப் படம் அனுப்பினார். "இது என்ன, நாடா ஒட்டின மாதிரி? தொங்கட்டான் எங்கே?" என்று சோஹனி கேட்டாள்.

"இழை இழையாத் தொங்கினா அது கிரண், சம்பந்தி."

"எங்க ஊர்ல பளபளன்னு இருந்தா எல்லாம் கோட்டாதான்."

நாடாவைப் பிரித்துக் கிரண் வைத்தார். இப்போது குலாப் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கோட்டா இல்லாத முக்காட்டில் மருமகளை அழைத்தால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்களாம். யாருக்கும் மனவருத்தம் வேண்டாமென்று மேலே கோட்டா, கீழே கிரண், நடுவில் மறுபடி கோட்டா என்று தைத்துவிட்டார். துணியின் எடை இரண்டு கிலோ கூடியது. என் பெண் கழுத்து என்ன தூணா என்று கேட்டு சோஹனி போனை வைத்துவிட்டாள். கல்யாணம் நின்றுவிடுமோ என்று அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சோஹனியே பெண்ணோடு வந்து இறங்கினாள். துணியைத் தடவிப் பார்த்தாள். தன் தலையில் போட்டுப் பார்த்தாள். குலாப்பும் போட்டுப் பார்த்தாள். கடைசியில் பெண்ணுக்குப் போட்டுவிட்டார்கள். கிரண் இழைகள் அவள் நெற்றியில் ஆடின. இரண்டு அம்மாக்களும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பன்வர்லாலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வாசலில் நின்றிருந்த ஒரு பெரியவர், தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"பக்கத்து வீட்ல துணியைக் குடுத்துட்டுப் போனது நான்தான். வேலை ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா. ஆனா மாப்பிள்ளை ஏறப்போற என் குதிரை முதுகுல இதைப் போட்டா, அது கூச்சத்துல ஓடிரும்."