உசாவி மாமாவும் பின்பக்கத்து வளைவும்

இந்த நாட்டில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தைக் காதலித்த ஒரே மனிதர் உசாவி மாமாதான். சிங்களத்தில் நீதிமன்றத்தை ‘உசாவிய’ என்பார்கள். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவருக்கு ஊர் அதையே பெயராக வைத்துவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

எல்லையில் நின்ற ஒரு பலாமரத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்காடப் போனவர். தீர்ப்பு வருவதற்குள் மரம் பட்டுப்போனது, பக்கத்து வீட்டுக்காரர் சம்பந்தியாகிவிட்டார், மாமா மட்டும் போவதை நிறுத்தவில்லை. வழக்கு நாட்களில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சாரமும் நீண்ட குடையுமாக வந்துவிடுவார். புதிதாக வருகிறவர்கள் வக்கீல் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள்.

“உக்காருங்க, உக்காருங்க. நான் சும்மா. தூணைப் பாத்தீங்களா?”

குன்றின்மேல் கருங்கல் படியும் பருத்த தூண்களும் ஓட்டுக்கூரையுமாக வெள்ளைக்காரன் கட்டிய கட்டடம் அது. மிச்சத்தையெல்லாம் மாமா கட்டினார்.

“தூணுக்குள்ள துண்டு இரும்பு கெடையாதுங்க. சுண்ணாம்பு, கித்துள் கருப்பட்டி, முட்டை. இது எழும்பி முடியிற வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தரும் முட்டைப் பொரியல் சாப்பிடல.”

“கூரை ஏன் மாமா இவ்வளவு உசரம்?”

“வக்கீல் சொல்ற பொய்யெல்லாம் மேல போறதுக்கு எடம் வேணாமா?”

அடுத்த வழக்குத் தவணைக்குப் போனால் அதே தூணுக்குள் முட்டைக்குப் பதிலாக எருமைத் தயிர் இருக்கும்.

எனக்கு அவர் பழக்கமானது வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில். நான் ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அடையாள அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டு பஸ் ஏறிய என் மகனைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து வைத்துவிட்டார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். காட்டியும் அவனை விடவில்லை. இன்றைக்கும் அவன் வெளியே கிளம்பினால், “கார்டு எடுத்தியாடா?” என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

முதல் தவணையில் கூண்டில் நின்றவனின் பிடரிதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த தவணை வரை மறியல், உள்ளேதான் இருக்க வேண்டும் என்றார்கள். பார்க்க அனுமதி இல்லை. பிள்ளையை அடித்தார்களா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று விறாந்தை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். குடை நுனி தரையைத் தட்டியது.

“எந்திரிங்க டீச்சர். பின்பக்கம் ஒரு வளைவு இருக்கு. அதப் பாக்காமப் போகக் கூடாது.”

“என் புள்ள உள்ள கெடக்குறான். எனக்கு எதுக்குங்க வளைவு?”

“வாங்கன்னா வாங்க.”

பின்பக்கம் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர், ‘தொடங்கிவிட்டார்’ என்பது போலச் சிரித்துத் தலையை ஆட்டினார். வளைவுக்குக் கீழே, நெஞ்சு உயரத்தில், கைதிகளை அடைத்து வைக்கும் அறையின் கம்பி போட்ட காற்றுத் துவாரம். அதற்குள் என் மகனின் முகம்.

மாமா குடையை வளைவின் உச்சிக்கு நீட்டினார். பொலிஸ்காரரின் கண்ணும் கூடவே மேலே போனது. “இதப் பாருங்க ராலாமி,” என்று சிங்களத்தில் ஆரம்பித்தார், போர்த்துக்கேயர் கரையிறங்கியதிலிருந்து.

“அடிச்சாங்களாடா?”

“இல்லம்மா. சத்தியமா இல்ல. சோறுதான் சரியில்ல.”

“கையக் காட்டு. மத்தக் கை.”

காட்டினான். “யாரும்மா இந்தாளு?”

“நீ பேசாத. அவரு பேசட்டும்.”

பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கம்பிக்குள் கொடுத்தேன். மேலே ஒல்லாந்தர் வந்து போனார்கள். பொலிஸ்காரர், “போதும் மாமா,” என்றார்.

“அதெப்படி? இங்கிலீஸ்காரன் இன்னும் கப்பலே ஏறலியே!”

ஏறினான். வழியில் புயல், மாலுமிகளுக்கு வாந்தி. கப்பல் ஆபிரிக்காவைச் சுற்றி வருவதற்குள் மகன் ரொட்டியைத் தின்று முடித்திருந்தான்.

தவணைதோறும் அந்த வாங்கில் அழுதுகொண்டிருக்கும் யாரோ ஒருவரை எழுப்பிக்கொண்டு போவார். தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று பார்த்ததில்லை. அந்தப் பொலிஸ்காரருக்கு நிஜமாகவே எதுவும் தெரியாதா என்று இன்றும் எனக்குச் சந்தேகம். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஒருநாள், “ஏன் மாமா இதெல்லாம் செய்யிறீங்க?” என்று கேட்டேன்.

“கட்டடம் நல்லாருக்கா இல்லியா, அதச் சொல்லுங்க,” என்றார்.

ஒரு தவணையில் குற்றம் ஏதும் இல்லை என்று மகனை விட்டுவிட்டார்கள். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடப் பார்த்தேன். மாமா படியில் மறித்தார்.

“எங்க ஓடுறீங்க? என் வளைவுக் கதைய நீங்க ஒரு நாளாவது முழுசாக் கேட்டிருக்கீங்களா?”

கேட்டதில்லை. என் கண்ணும் காதும் அந்தத் துவாரத்தை விட்டு நகர்ந்ததில்லை.

கீழே ஓப்பநாயக்க பஸ் ஹோர்ன் அடித்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். நானும் மகனும் வளைவின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மாமா போர்த்துக்கேயரிடமிருந்து தொடங்கினார். நடுக்கடலில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, நான்தான் கேட்டேன்: “அப்புறம் என்னாச்சு மாமா?”