கோதண்டம் கியர் ஆயில் மாற்றினான்

படப்பை தாண்டியதும் எருமைகள் சாலையைக் கடந்தன. கோதண்டம் பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த கியர் தண்டை மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினான்.

கர்ர்ர் என்றது ஃபியட் கார்.

எருமைகள் நின்று திரும்பிப் பார்த்தன. பின் சீட்டில் மேனேஜர் சிவசங்கர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடியில் இறக்கினார்.

"என்னப்பா சத்தம்?"

"ரோடு சார்."

"ரோடா?"

"ஆமா சார். கல்லு பேந்துகீது."

அந்த ரோட்டுக்குத் தார் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாய் மட்டும் இருந்திருந்தால் அது கோதண்டத்தின் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும். மேனேஜர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கேட்காமல் விட்டதில்தான் கோதண்டம் பயந்தான்.

ஒரகடத்தில் இருந்த அவர்கள் கம்பெனி லாரிகளுக்குக் கியர் பல்சக்கரம் செய்கிற கம்பெனி. ஊரில் ஓடுகிற லாரிகளுக்கெல்லாம் கியர் அனுப்புகிறவர்களின் சொந்தக் காரிலேயே கியர் கடிக்கிறது. வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். ஆனால் கோதண்டத்தின் கவலை கம்பெனியின் மானத்தைப் பற்றியது அல்ல. தன் வேலையைப் பற்றியது.

மூன்று வருடமாக அவன் டெம்பரரி டிரைவர். அந்த வருஷம் மெட்ராஸ் ஹெட் ஆபீசில் செலவைக் குறைக்க ஆரம்பித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை எம்.டி. ஒரகடம் வருகிறார். கோதண்டத்தைப் பர்மனென்ட் செய்வதா, இல்லை டிரைவரே வேண்டாமென்று அனுப்பிவிடுவதா என்று அன்றைக்கு முடிவு. சிவசங்கர் என்ன சொல்கிறாரோ அதுதான் எம்.டி.யின் முடிவு.

வடக்குப்பட்டில் அவன் மனைவி மரகதம் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. பர்மனென்ட் ஆட்களுக்குக் கம்பெனி மாதாமாதம் சோப்பும் துண்டும் தரும் என்று கேள்விப்பட்டு, வீட்டில் ஒரு ஷெல்ஃபையே காலி செய்து வைத்துவிட்டாள். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க வூட்டுக்காரரு பர்மனென்ட் ஆயிட்டாரு" என்று சொல்லியும் விட்டாள்.

"இன்னும் ஆவலடி" என்பான் கோதண்டம்.

"ஆவாம எங்க போவுது? வண்டிய ஒயுங்கா ஓட்டு, போதும்."

அந்த வண்டிதான் இப்போது பல்லைக் கடிக்கிறது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து காரில் ஏறியபோது கண்ணாடி கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தது. சீட்டும் முன்னால் இழுத்து விடப்பட்டிருந்ததால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். கோதண்டம் கேட்டுக்குப் போய் வாட்ச்மேன் ரத்தினத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ரத்தினம்ணே, நான் துன்ன போற நேரத்துல வண்டில குந்திக்கினு மீச வார்றியா?"

ரத்தினம் தன் நரைத்த மீசையைத் தடவினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மேனேஜர் அறை ஜன்னலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"போப்பா, வேலயப் பாரு" என்றார்.

கிழவனுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று கோதண்டம் முடிவுகட்டினான். இப்போது அதைவிடப் பெரிய கவலை இருந்தது. கிளம்பும்போது கியர் முன்பைவிடப் பலமாகக் கடித்தது. காலையில் இரண்டாவது மட்டும்தான் கடித்தது, இப்போது ஒன்றாவதும் சேர்ந்துகொண்டது. நின்ற இடத்திலேயே நோய் முற்றுகிற வண்டியை அவன் இதுவரை பார்த்ததில்லை.

கியர் செக்ஷன் ஃபிட்டர் பாபுவிடம் ரகசியமாகச் சொன்னான். பாபு கண்ணை மூடி, கோதண்டம் வாயாலேயே கர்ர்ர் என்று செய்து காட்டியதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னான்.

"ஆயில் செத்துப்போச்சி. எறக்கிட்டு தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் ஊத்து. அப்டியே கிளட்சும் தொளதொளன்னு கீதான்னு நான் பாத்துடறேன்."

"பெட்ரோல் பங்க்ல வாங்கட்டுமா?"

"வாங்கினா சார் கிட்ட கையெழுத்து கேக்கணும். எதுக்குன்னு கேப்பாரு."

"அய்யோ, வேணாம்."

"அப்ப நம்ம ஸ்டோர்லயே கீது. மோகன் கிட்ட கேளு."

மறுநாள் வியாழக்கிழமை. மேனேஜர் புரொடக்‌ஷன் மீட்டிங்கில் உட்கார்ந்ததும் கோதண்டம் காரைப் பின்பக்கம் கொண்டுபோய், லாரி நிறுத்துகிற இரண்டு கான்கிரீட் திட்டுகளின் மேல் ஏற்றினான். அடியில் படுத்துக்கொண்டு கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கழற்றினான். கறுப்பாக, கெட்ட நாற்றத்தோடு ஆயில் மொத்தமும் இறங்கியது. பிடிக்கப் பாத்திரம் இல்லாததால் கேன்டீனில் கனகம் சோறு வடிக்கிற அலுமினியத் தாம்பாளத்தை, அவள் பார்க்காத நேரமாகப் பார்த்து எடுத்து வந்திருந்தான்.

எல்லாம் சரியாகத்தான் போனது. கீழ்த் திருகை மூடிவிட்டு, ஆயில் ஊற்றுகிற பக்கத்துத் திருகைத் திறக்கப் போனான். அது அசையவில்லை.

ஸ்பேனரைப் போட்டு இழுத்தான். தொங்கினான். காலால் உதைத்தான். திருகின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். பழைய ஆயிலையும் இறக்கியாகிவிட்டது, புதியதை ஊற்றவும் வழியில்லை. மீட்டிங் முடிந்து சார் கூப்பிட்டால் காரைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். கோதண்டத்துக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

பாபு வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஊத்தற வழி தொறக்குதான்னு பாத்துட்டுதானய்யா எறக்கற வழிய தொறக்கணும்?"

"நேத்தே சொல்லக்கூடாது?"

"இத எல்லாமா சொல்லுவாங்க?"

ஸ்பேனருக்குப் பின்னால் ஆள் உயரப் பைப்பைச் செருகி இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினார்கள். கார் ஒருமுறை குலுங்கியது. திருகு கிரீச்சிட்டுக் கழன்றது. கோதண்டம் அந்தச் சந்தோஷத்தோடு ஸ்டோருக்கு ஓடினான். சந்தோஷம் ஸ்டோர் வாசல் வரைக்கும்தான் இருந்தது.

உள்ளே வரிசையாக ஆயில் டிரம்கள் நின்றன. எல்லாமே நீலம். எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், கழுத்தில் வாடிய சாமந்தி மாலை. போன வாரம்தான் ஆயுத பூஜை முடிந்திருந்தது.

"இதுல கியர் ஆயில் எதுப்பா?"

ஸ்டோர் கீப்பர் மோகன் தலையைச் சொறிந்தான்.

"கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட் மீந்துச்சி. பூஜையாச்சே, டிரம் எல்லாம் பளிச்சுனு இருக்கட்டும்னு அடிச்சிட்டேன்."

"அதுமேல எழுதி இருந்துச்சே?"

"அதுமேலயும் அடிச்சிட்டேன்."

"சரி, எது எங்க இருந்துச்சின்னு தெரியுமில்ல?"

"வரிசை ஞாபகம் இருந்துச்சி. கூட்டிக் கழுவறப்ப எல்லாத்தயும் உருட்டி மாத்தி வெச்சிட்டாங்க."

எந்த டிரம்மைப் பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியதே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழி தெரியவில்லை. இருவரும் மூடிகளைத் திறந்து முகர்ந்தார்கள். விரலால் தொட்டுத் தேய்த்தார்கள். கடைசியில் மோகன், இருப்பதிலேயே கெட்டியானதைக் காட்டி, "கியர்னா கெட்டியாதான் இருக்கும்" என்றான். அவன் சொன்ன தைரியத்தில் கோதண்டமும் நம்பிவிட்டான்.

ரப்பர் குழாயும் புனலும் வைத்து ஊற்றி, துளை வழியே வழிந்ததும் மூடினான். காரில் ஏறி, கும்பிட்டுவிட்டு, கியரைத் தள்ளினான். சத்தம் வரவில்லை. கியரும் வரவில்லை. பாகில் கரண்டி மாட்டிக்கொண்டது போலத் தண்டு நின்ற இடத்தில் நின்றது. இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தான்.

பாபு ஒரு சொட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"இது பிரஸ் மிஷினுக்கு ஊத்தறதுபா. இத ஊத்தினா கியர் குந்தின எடத்துலயே குந்திக்கும்."

மறுபடி இறக்கினார்கள். இந்த முறை மோகன் இரண்டாவது டிரம்மில் இருந்து எடுத்துக் கொடுத்தான். கியர் விழுந்தது. ஆனால் வண்டியை ஓர் அடி நகர்த்தியதும் பெட்டிக்குள்ளிருந்து ஆளை அறுப்பது போல ஓர் அலறல் வந்தது. காக்கைகள் ஷெட் கூரையிலிருந்து கிளம்பிப் போயின.

"இது இரும்பு அறுக்கறப்ப ஊத்தற கட்டிங் ஆயில். தண்ணி மாதிரி கீது பாரு. ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்றான் பாபு.

மூன்றாவது முறை இறக்கும்போது தாம்பாளம் நிரம்பி வழிந்தது. கோதண்டத்தின் சட்டை, காது, ஒரு பக்கத்து மீசை எல்லாம் ஆயில். அந்த நேரம் பார்த்து, அடியில் படுத்திருந்தவன் கண்ணுக்கு நேராகப் பளபளவென்று பாலிஷ் போட்ட இரண்டு ஷூக்கள் வந்து நின்றன. பாபு தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டான்.

"கோதண்டம்?"

"சார்."

"அடியில என்ன பண்ற?"

"காத்து வாங்கறேன் சார்."

இடது ஷூ மட்டும் தரையை மெதுவாக அழுத்தி, மெதுவாக விட்டது. மறுபடி அழுத்தியது. சாருக்குக் கோபத்தில் கால் துடிக்கிறது என்று கோதண்டம் நினைத்தான். கொஞ்ச நாளாகவே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கால் இப்படித்தான் துடிக்கிறது.

"கியர்ல ஏதாவது ஆயிருக்கா?" மேனேஜரின் குரல் தாழ்ந்திருந்தது.

"ஒண்ணும் ஆகல சார்."

"நிச்சயமா?"

"எங்க குலதெய்வம் மேல சத்தியமா சார்."

மேனேஜர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"சாப்பாட்டு நேரத்துக்குள்ள வண்டி ரெடியா இருக்குமா?"

"இருக்கும் சார்."

"கொண்டுவந்து முன்னாடி நிறுத்திட்டு நீ நிதானமா சாப்பிடு. அவசரமே இல்ல."

ஷூக்கள் திரும்பி நடந்தன. இத்தனை மரியாதையாகப் பேசுகிறாரென்றால் கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது என்று அர்த்தம். கடைசிச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிடச் சொல்கிறார்.

"நான் அவ்ளோதான்டா பாபு. மரகதம் மூஞ்சில எப்டி முழிப்பேன்? ஊரே பர்மனென்ட்னு நெனச்சிக்கினு கீது."

தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த பாபு பதில் சொல்வதற்குள் கனகம் வந்துவிட்டாள். தன் தாம்பாளத்தைப் பார்த்தாள். அதில் இருந்ததைப் பார்த்தாள்.

"இதுலதான்யா உங்களுக்குச் சோறு வடிக்கறேன்" என்றாள்.

"அக்கா, கத்தாத. புதுசு வாங்கித் தரேன்."

"டிரம்மு டிரம்மா தேடறீங்களே, அங்க டெஸ்டிங் ரூம்ல தெனம் கியர ஓட்டிப் பாக்கறாங்க இல்ல, அது இன்னா வெறும் பொட்டிலயா சுத்துது? டீ குடுக்கப் போனா அந்த ஆயில் நாத்தம்தான் ஆளத் தூக்குது."

பாபுவும் கோதண்டமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தயாரான கியரைச் சுழலவிட்டுப் பார்க்கிற டெஸ்டிங் பெட்டி நிறையத் தொண்ணூறு நம்பர் ஆயில் இருந்தது. அதற்கு யாரும் நீலப் பெயிண்ட் அடிக்கவில்லை. தினமும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்கிற பாபு, கனகத்தின் முகத்தைப் பார்க்காமல் நடந்தான்.

கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் கழுவி இறக்கிவிட்டு, பிறகு முழுவதும் ஊற்றினார்கள். தளர்ந்து கிடந்த கிளட்சையும் பாபு இழுத்துக் கட்டினான். கோதண்டம் சட்டையை மாற்றிக்கொண்டு காரில் ஏறினான். கண்ணை மூடிக்கொண்டு முதல் கியரைப் போட்டான். விழுந்தது. இரண்டு. விழுந்தது. மூன்றிலிருந்து மறுபடி இரண்டு. ஒரு முனகல்கூட இல்லை. ஷெட்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு வந்தான். புது வண்டியில்கூட இப்படி விழாது. மூன்று வருடத்தில் அன்றுதான் அந்தக் காரை அவன் தன் கார் என்று நினைத்தான்.

ஆபீஸ் வாசலில் நிறுத்தி, துடைத்து, சாவியை அதிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். அன்றைக்கு நிதானமாகவே சாப்பிட்டான். ரசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டான். நாளைக்கு எம்.டி.யைக் கூட்டிக்கொண்டு படப்பை எருமைகள் நடுவே சத்தமில்லாமல் இரண்டாவது கியர் போடப்போவதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டான். சோப்பு வந்தால் முதல் சோப்பு கனகத்துக்கு என்றும் தீர்மானித்தான்.

வெளியே வந்து பார்த்தான். ஆபீஸ் வாசலில் கார் இல்லை.

பின்பக்கம் ஓடினான். அங்கேயும் இல்லை. கேட்டுக்கு ஓடினான்.

"ரத்தினம்ணே, வண்டி எங்க? எவன் எடுத்துக்கினு போனான்?"

"சார்தான்."

"சாரா? அவருக்கு ஓட்டவே தெரியாதே?"

ரத்தினம் படப்பைப் பக்கம் போகிற சாலையை ஒருமுறை பார்த்தார். இனி மறைத்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியிருக்கவேண்டும்.

"ஒரு மாசமா நீ துன்ன போற நேரத்துல பின்னாடி கிரவுண்டுல கத்துக்கினு இருந்தாருபா, நேத்துகூட கியர் விழ மாட்டேங்குதுன்னு வெறுத்துப்போயி, 'இது நமக்கு வராது ரத்தினம், கோதண்டத்தயே பர்மனென்ட் பண்ணச் சொல்லிடறேன்'னாரு, இன்னிக்கு இன்னா மாயமோ, வெண்ண மாதிரி விழுதுன்னு சொல்லிட்டு, நாளைக்கு எம்.டி.ய கூட்டிக்கினு வர மெட்ராசுக்கு அவரே ஓட்டிக்கினு பூட்டாரு."