ஏழாம் எண்ணின் ஒத்துழையாமை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த முக்கியமான சம்பவம், அந்த ஆய்வு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் ஆறு தட்டுச் செல்கள் மெத்தென்று ஆனதுதான். இடையில் சக்கரம், அச்சு இயந்திரம் என்று சில்லறை விஷயங்கள் நடந்திருக்கலாம். அவற்றுக்கு இயக்குநரின் ஒப்புதல் கிடையாது.

செல்கள் என்றால் ரத்தக் குழாய்ச் சுவரின் தசைச் செல்கள். வயது ஏற ஏற அவை விறைத்துப் போகும். கொழுப்பைக் குறைக்கும் மருந்து அந்த விறைப்பையும் தளர்த்துமா என்பதுதான் ஆராய்ச்சி. ஆபரேஷனில் மிஞ்சும் ரத்தக் குழாய்த் துண்டை நோயாளிகளிடம் தானமாக வாங்கி, செல்களைத் தட்டில் வளர்த்து, மருந்து ஊற்றி, மறுநாள் முடியைவிட மெல்லிய ஊசியால் அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்துகிறவருக்கு ஊசி அக்கா என்று பெயர். பதினொரு வருடமாகத் 'தற்காலிக' ஊழியர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டிப்புக் கோப்பு 'பரிசீலனையில்' இருக்கிறது.

மருந்து ஊற்றுகிறவர் ஸ்டோர்க்காரர். அவர் என்ன செய்தார் என்பது ஊசி அக்காவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கை பாரபட்சம் காட்டிவிடும். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்ற இந்த உயர்ந்த விதியை நிறுவனம் தன் மற்ற எல்லா வேலைகளுக்கும் விரிவுபடுத்தியிருந்தது.

ஏழு தானக்காரர்களின் ஏழு தட்டில் ஆறு தளர்ந்தன. ஏழாம் எண் செங்கல் மாதிரி நின்றது. அவசரக் கூட்டம் கூடியது.

"ஆறு பேர் ஒத்துழைக்கிறாங்க. ஏழாம் எண்ணுக்கு மட்டும் என்ன திமிர்?" என்றார் இயக்குநர்.

"செல்லுக்கு ஏது சார் திமிர்?" என்றார் ஊசி அக்கா.

"நீ சரியா அழுத்தினியாம்மா?"

"நாப்பது செல்லு சார். ஒவ்வொண்ணையும் மூணு தடவை."

"அப்போ நம்பரைக் கொஞ்சம் பாத்துப் போடேன். வெள்ளிக்கிழமை வேற வருது."

வெள்ளிக்கிழமை எல்லா வாரமும் வருவதுதான். அவர் சொன்ன விதத்தில் ஊசி அக்காவின் ஒப்பந்தமும் கூடவே வந்தது. ஒரே ஓர் எண்; மாற்றினால் பிழைப்பு நிலைக்கும்.

"இருக்கறதைத்தான் சார் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இயக்குநர் நியாயவான். விசாரிக்காமல் யாரையும் தண்டிக்க மாட்டார். ஏழாம் எண்ணின் தானக்காரருக்கு நோட்டீஸ் போனது: 'தங்கள் செல்கள் நிறுவனத்தின் முடிவுக்கு முரணாக விறைத்து நின்றது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும். தவறினால் தங்கள் ரத்தக் குழாய்மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.' தானக்காரர்களின் பெயர் ரகசியம் என்பதால், பதிவேட்டுப் பிரிவு முத்திரை உறையைப் பிரித்து, முகவரி எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவைத்தது.

வியாழக்கிழமை ஊசி அக்கா தன் கோப்பைப் பற்றிக் கேட்க இயக்குநர் அறையில் நின்றுகொண்டிருந்தபோது தபால் வந்தது. இயக்குநர் பிரித்தார். அவருடைய நோட்டீஸ்தான். பெறுநரும் அவர்தான். போன வருடம் தம் இதய ஆபரேஷனில் மிஞ்சிய துண்டைத் தானம் செய்துவிட்டு, நிறுவனத்தின் சார்பில் தமக்கே நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"நம்ம செல்லா இது? அதானே பார்த்தேன்! இது விறைப்பு இல்லம்மா, தலைமைப் பண்பு."

நோட்டீஸை முடித்துவைக்க முத்திரை வேண்டியிருந்தது. இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு மருந்துக் குப்பி. மேலே சீட்டு: 'எண் 7. இயக்குநரின் கையொப்பத்துக்கு.'

ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டார்கள்.

"ஏழுக்கு நீங்க மருந்தே ஊத்தலையா தம்பி?" என்றார் ஊசி அக்கா.

"கையெழுத்து இல்லாம எப்படிக்கா ஊத்தறது? தட்டுங்களோட வந்த முத்திரை உறைல ஏழாம் எண் மேல மட்டும் 'மேலிடத்து அனுமதி தேவை'ன்னு போட்டிருந்துச்சு. குப்பியைச் சாருக்கு அனுப்பினேன். திரும்பி வரலை."

குப்பிக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டைகள், ஒரு வருடத்துக்கானவை. ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. அதே மருந்து.

ஊசி அக்காவுக்குக் கோபம் மறந்து பயம் வந்தது. "சார், நீங்க இதைச் சாப்பிடறதே இல்லையா?"

"அதெல்லாம் நோயாளிங்க சாப்பிடறதும்மா." இயக்குநர் அரை நிமிடம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஒப்பிட்டுப் பார்க்க மருந்து படாத தட்டு ஒண்ணு வேணாமா? அதுக்காகத்தான் நானே நிறுத்தி வச்சேன். முன்யோசனை!"

ஸ்டோர்க்காரர் கை தட்டினார். ஊசி அக்கா தட்டவில்லை. மாத்திரை அட்டைகளுக்கு அடியில் எட்டு மாதத் தூசியோடு கிடந்த கோப்பில் தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது என்னோட..."

"பரிசீலனையில இருக்கும்மா" என்று இயக்குநர் இழுப்பறையை மூடினார்.

வெள்ளிக்கிழமை மாலை, கடைசி வேலையாக, ஊசி அக்கா ஆய்வறிக்கையின் முடிவுரையைத் தட்டச்சு செய்தார்: 'மருந்து பட்ட செல்கள் அனைத்தும் தளர்ந்தன. இயக்குநரின் இழுப்பறையில் கிடந்தவை மட்டும் வீணாயின: ஒரு குப்பி, ஒரு வருட மாத்திரை, ஓர் ஊழியர்.'

இயக்குநர் படித்துப் பார்க்காமல் உடனே கையெழுத்துப் போட்டார்.